வீடு வேண்டாம் என்றவன்

மண்டபம் முகாமில் என் பந்தின் காற்றைப் பிடுங்கினார்கள். இலங்கைக்குப் போகிறவர்கள் அங்கே சில நாள் அடைபட்டுக் கிடந்து, உடம்பில் நோய் நொடி இல்லை என்று காட்டிவிட்டுத்தான் கப்பல் ஏற முடியும். பெட்டியைக் குடைந்த சேவகனுக்கு என் வேட்டி சட்டை மேலோ ஸ்பானர்கள் மேலோ சந்தேகம் வரவில்லை. தோல்பந்தின் மேல்தான் வந்தது. "உள்ளே என்னடா வச்சுத் தச்சிருக்கே?" என்றான். "காத்து" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அவனுக்கு அது கிண்டலாகப் பட்டது. கயிற்றை அவிழ்த்து, ரப்பர் பையை உருவி, புஸ்ஸென்று எல்லாம் போகும்வரை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டான். வதங்கின கத்தரிக்காய் போன்ற ஒரு பந்தோடு நான் கடல் கடந்தேன்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபது வயது. தூத்துக்குடியில் ஒரு பஞ்சு ஆலையில் எஞ்சின் ஓட்டப் பழகியிருந்தேன். வேலை முடிந்தால் துறைமுகத்துப் பக்கத்து வெளியில் கப்பல்காரர்களோடு பந்து உதைப்பேன். அந்தப் பந்துகூட ஒரு மாலுமி போகிற போக்கில் எனக்கு விட்டுவிட்டுப் போனதுதான். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மட்டக்களப்பில் நெல் குத்தும் மில் போட்டிருந்தார். எஞ்சினுக்கு ஆள் வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியபோது, என்னைக் கேட்காமலே வீட்டில் சரி சொல்லிவிட்டார்கள்.

கேட்டிருந்தாலும் நான் போயிருப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார், கல்யாணம் நெருங்கின நேரத்தில், நாங்கள் குடியிருந்த வீட்டையே தங்கள் பேருக்கு எழுதிக் கேட்டார்கள். அப்பா கையை விரித்தார். வாங்கின கூறைச் சேலை பெட்டிக்குள் போனது, அக்கா அடுக்களைக்குள் போனாள். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் மனதுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டேன். நான் ஒருத்தியைக் கட்டினால், அவள் வீட்டுத் துரும்பைக்கூடத் தொடமாட்டேன் என்று. இந்தச் சத்தியத்தை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பில் வாவி நிலத்தை இரண்டாக வகிர்ந்து கிடக்கிறது. சூரியன் எழுகிற கடல்பக்கத்துக்கு எழுவான்கரை என்று பெயர். சூரியன் விழுகிற பக்கம் படுவான்கரை. நெல் விளைவது படுவான்கரை வட்டைகளில். வட்டை என்றால் பெரிய வயல்வெளி. எங்கள் மில் எழுவான்கரையில், நகரத்துக்குத் தெற்கே, கல்லாற்றுக்குப் போகும் தெருவோரத்தில் வாவியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூட்டைகள் தோணியில் வந்து எங்கள் படித்துறையில் இறங்கும். விடிந்ததும் எஞ்சினின் தலையைத் தீ வைத்துச் சூடாக்கி, பெரிய சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். நல்ல மனநிலையில் இருந்தால் உடனே பிடிக்கும். இல்லாவிட்டால் தோள்பட்டை கழலும்வரை சுற்றவைக்கும். எனக்கும் அதற்கும் குணம் ஒன்று என்று முதலாளி சொல்வார்.

முதல் மாதங்களில் நான் பட்ட பாடு! எதில் பார்த்தாலும் தேங்காய்ப்பால். மீனை ஆணம் என்று காய்ச்சி ஊற்றுவார்கள், அதிலும் பால். என் நாக்கு ஊர்க் காரத்துக்கு ஏங்கியது. நான் பேசினால் சிரித்தார்கள், அவர்கள் பேசினால் எனக்குப் பாதி புரியவில்லை. இந்த வாவியில் மீன் பாடும் என்று ஆளுக்கொருவர் வந்து சொன்னார்கள். நாள் முழுக்க எஞ்சின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மீன் பாடினால் என்ன, மாடு பாடினால் என்ன? எல்லோருக்கும் நான் 'இந்தியாக்காரத் தம்பி'. சாயந்தரம் மில் நின்ற பிறகு காது இரைந்துகொண்டே இருக்கும். படித்துறையில் உட்கார்ந்து பந்தை மடியில் வைத்துக்கொண்டு வாவியைப் பார்ப்பேன். பேச யாரும் இல்லாத சாயந்தரங்கள் எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

சைக்கிள் பம்ப் ஒன்றை இரவல் வாங்கிப் பந்துக்கு உயிர் கொடுத்த அன்று கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. படுவான்கரையிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று மூன்று நான்கு மாதம் ஊரை வாட்டும். நான் தனியாக மில் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் பட்டுத் தெறித்த பந்து படித்துறை வழியே உருண்டு வாவிக்குள் விழுந்தது. நெல் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தோணிக்காரன் ஒருவன் துடுப்பால் அதை ஏந்தி எடுத்தான். என் வயதுதான் இருக்கும்.

"இது ஆர்ர பந்து?" என்றான்.

"என் பந்துதான். கொடு."

"ஒரு உதை உதைக்க உட்டாத் தாறன்."

கரையேறி வந்து உதைத்தான். பந்து எங்கேயோ போக வேண்டியது, நேரே மேலே போய் அவன் தலையிலேயே விழுந்தது. நான் சிரித்தேன். அந்த ஊருக்கு வந்து அதுதான் முதல் சிரிப்பு. அவனும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான்.

அவனுக்குத் தகப்பன் இல்லை. தாயும் ஒரு தங்கையும்தான். மில்லிலிருந்து நகரத்துப் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால், வாவி வளைவுக்கு அப்பால் அவர்களுடைய தென்னங்கிடுகு வேய்ந்த வீடு, அதை ஒட்டி வெறும் மனையாக ஒரு வளவு. வெள்ளை மணல், தென்னைகூட இல்லாத நல்ல சதுரம், ஒரு பக்கம் வாவி. பார்த்த மாத்திரத்தில் என் கால் துறுதுறுத்தது. "இதுல விளையாடலாமா?" என்று கேட்டேன். "அது தங்கச்சிர வளவு. அவளிட்டக் கேக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. மறுநாள் "பந்தடிக்கட்டாம்" என்று பதில் வந்தது. தங்கைக்கு எதற்குத் தனியாக ஒரு வளவு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இடம் கிடைத்ததே போதும் என்று இருந்தேன்.

பூவரசங் கம்புகளை வெட்டி இரண்டு பக்கமும் கோலுக்கு நட்டோம். நெல் சுமக்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், தெருவில் போகிறவர்கள் என்று ஆள் சேர்ந்தது. யாருக்கும் சட்டம் தெரியாது. கையால் தொடக்கூடாது என்று நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. மச்சானைக் கோல் காக்கவைத்தேன். தோணியில் தள்ளாடாமல் நின்று பழகிய கால், வலை வீசிப் பழகிய கை. அவனைத் தாண்டிப் பந்து போவது பெரும்பாடு. மாரி மழை முடிந்து பார்த்தால் கோல் கம்புகள் நாலும் துளிர்த்து இலை விட்டிருந்தன. விளையாட்டு நடுவில் ஆடு வந்து கோலை மேயும். கல்லாற்று ஆட்களோடு ஒருநாள் பந்தயம் வைத்தபோது, அவர்கள் உதைத்த பந்து இலைக்குள் சிக்கி நின்றுவிட்டது. அது கோலா இல்லையா என்று இருட்டும்வரை சண்டை போட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் சண்டை போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

அந்தச் சண்டையில்தான் பந்தின் ஒரு பக்கத் தையல் பிரிந்தது. எனக்கு உயிரே பிரிந்த மாதிரி. மச்சான் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தான். கிழிந்த வலை பொத்துகிற நூலில் மெழுகு ஏற்றி, நெருக்கமாக, இழுத்து இழுத்துத் தைத்திருந்தது. "யார் தைத்தது?" என்றேன். "ஆருக்குத் தெரியும்" என்று ஒரு மாதிரிப் பார்த்தான். அந்தத் தையல் ஒரு பக்கம் இறுகிப்போனதால் அதற்குப்பிறகு பந்து எப்படி உதைத்தாலும் இடப்பக்கம் சாய்ந்துதான் போகும். பிரித்துத் தைக்கச் சொல்லி எல்லோரும் என்னை ஏசினார்கள். பிரிக்கமாட்டேன் என்று நின்றேன். சாய்வைக் கணக்குப் பண்ணி உதைக்கப் பழகிக்கொண்டேன்.

அவளோடு நான் பேசினது மிகக் கொஞ்சம். விளையாடி முடித்து அவர்கள் வீட்டு முற்றத்தில் மணலில் உட்காருவோம். தாயை நான் மாமி என்று கூப்பிடப் பழகியிருந்தேன். மாமி சோறும் கூனி இறால் சுண்டலும் கொடுப்பார். தண்ணீர்ச் செம்பு மட்டும் அவள் கையால் வரும். ஒருநாள் செம்பை வைத்துவிட்டு, "அந்தப் பந்து ஒரு பக்கமாப் போகுதாமே" என்றாள். "நல்லாத்தான் போகுது" என்றேன். "பொய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒற்றைச் சொல்லை நான் மில்லுக்குக் கொண்டுபோய், எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமி என் ஊரைப் பற்றி விசாரிப்பார். "ஒங்களுக்கு என்ன குடி மகன்?" என்று ஒருநாள் கேட்டார். அங்கே குடி என்றால் தாய்வழியில் வருகிற வம்சம். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றேன். "அதுக்கென்ன, புள்ளைகளுக்குத் தாய்ட குடிதானே வரும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மச்சான் அப்போதெல்லாம் ஓய்வில்லாமல் தோணி ஓட்டினான். செங்கல் வாங்கி அடுக்கினான், சுண்ணாம்பு இறக்கினான். அவனுக்கும் ஒரு பெண் பேசிவைத்திருந்தது, ஆனால் தங்கைக்கு வீடு எழும்பாமல் தனக்குக் கல்யாணம் இல்லை என்றான். நல்ல அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. தங்கைக்கு வீடு கட்டுவது அவர்களுடைய ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தங்களுக்கு மூச்சு மாதிரி இருப்பதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

"புதன்கிழமை காலம்பற வா. அத்திவாரம் வெட்டுறம். நீ நிக்கோணும்" என்றான் மச்சான்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. புதன்கிழமை எஞ்சினை முதலாளியின் ஆளிடம் விட்டுவிட்டு, குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். போனால், ஒரு பக்கத்துக் கோல் கம்புகள் இரண்டும் பிடுங்கி மணலில் கிடக்கின்றன. வேர் கூட இருந்தது. மேசன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டி விழுந்து குழி தெரிந்தது. மாமி தட்டில் தேங்காயும் மஞ்சள் தண்ணீரும் வைத்துக்கொண்டு நின்றார். அயலிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

எனக்கு மூக்குமேல் கோபம். "இந்த ஊரிலே வேற இடமே இல்லையா? இதைத்தான் வெட்டணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

மச்சான் சிரித்தான். பக்கத்தில் வந்து தோளில் கையைப் போட்டான். "ஏன்டா கத்துறாய்? வீடு ஆருக்கெண்டு நினைச்சாய்? தங்கச்சிக்கு. தங்கச்சிக்கு எண்டா ஒனக்குத்தானே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமி முகத்தைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டினார். கிடுகு வேலி இடுக்கில் ஒரு பச்சைச் சேலை அசைந்தது. இதைக் கேட்க நான் எத்தனை நாள் ஏங்கியிருந்தேன்! அந்தப் பூரிப்பில் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. வீட்டை எழுதிக் கேட்டவர்களின் முகங்களும் வந்தன. நான் அவர்களைப் போல இல்லை என்று இந்த உலகத்துக்கே காட்ட வேண்டும் போல இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அயலவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"மாமி, எனக்கு வீடு வேண்டாம். ஒரு செங்கல்கூட வேண்டாம். கட்டின சேலையோட அனுப்புங்க, அது போதும். இந்த மண்ணை அப்படியே விட்டுடுங்க."

என் வாழ்க்கையில் நான் பேசின மிக உயர்ந்த பேச்சு அதுதான் என்று அந்தக் கணத்தில் நம்பினேன். எங்கள் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் பெண்ணின் தாய் அவன் காலில் விழுந்திருப்பாள். இங்கே மாமி தட்டை மணலில் இறக்கி வைத்தார். மேசன் கட்டின கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். அயலவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மச்சான் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு வாவிப் பக்கம் நடந்தான். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமி கண்ணைத் துடைத்ததைப் பார்த்து எனக்கும் கண் நிறைந்தது. வேலிக்குப் பின்னால் அந்தப் பச்சைச் சேலை மட்டும் போகாமல் நின்றது. அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாடிக்கொண்டே மில்லுக்குப் போனேன். மடையன்.

பிறகு தோணியில் வேறு ஆள் நெல் கொண்டுவந்தான். மச்சான் படுவான்கரையில் அறுவடைக்குப் போய்விட்டான் என்றார்கள். நாள் பார்க்கப் போயிருப்பார்கள், நல்ல செய்தியோடு வருவார்கள் என்று நான் காத்திருந்தேன். கல்யாணம் பேசின பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. அதனால் நானும் போகவில்லை. வளவுக்கும் போகவில்லை. ஆசையை அடக்கிக்கொண்டு நான் காத்த அந்த மரியாதை, நான் கைகழுவிவிட்டதற்கு அவர்களுக்குச் சாட்சியாகப் போயிற்று.

அறுவடை முடிந்து மில்லில் தூசி பறந்துகொண்டிருந்த நாளில்தான் விஷயம் தெரிந்தது. காத்தான்குடியிலிருந்து கைத்தறிச் சாரன், நம் ஊர்க் கைலி, கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் எங்கள் படியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டார்.

"என்ன தம்பி, பொண்ண வேணாண்டு சொல்லிட்டீங்களாமே. நல்ல புள்ளதானே அது?"

"யார் சொன்னது? நான் வீடுதான் வேண்டாமென்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊட்ட வேணாண்டு சொல்லுறதும் பொண்ண வேணாண்டு சொல்லுறதும் இஞ்ச ஒண்டுதானே தம்பி. எங்களுக்குள்ளயும் அப்பிடித்தான், அவங்களுக்குள்ளயும் அப்பிடித்தான். மாப்பிள தானே பொண்ட ஊட்டுக்குப் போறது? ஊடு இல்லாட்டி அந்தப் புள்ள எங்க இரிக்கிற?"

பெல்ட்டைக் கழற்றாமல், எஞ்சினை நிறுத்தாமல் ஓடினேன். மாமி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார், உட்காரச் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கதையை, கூறைச் சேலையை, சத்தியத்தை. மாமி கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எனக்கு இது தெரியாதே மகன்" என்றார். "கட்டின சேலையோட அனுப்பு எண்டு கேட்டீங்க. எங்கட பொம்புளப் புள்ளைகள நாங்க அனுப்புறல்ல. வாசலால அனுப்புறதெண்டா அது செத்தவங்களத்தான். நல்ல காரியத்துல நிண்டு அந்தச் சொல்லச் சொல்லிட்டீங்களே."

"நான் வீட்டுக்கு வாறேன் மாமி. இங்கேயே இருக்கிறேன். ஊருக்கே போகமாட்டேன்."

"ஊரெல்லாம் கேட்டுப்போட்டுதே மகன். வேணாம் எண்ட புள்ளைய வச்சிரிக்க ஏலாது எண்டு என்ட அண்ணன் கல்லாத்துல வாக்குக் குடுத்திட்டார். வாத்தியார் பொடியன். மறுகா என்ன செய்யிற?"

மச்சான் வீட்டுப் பின்பக்கம் கிடுகு பின்னிக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்ப வீட்டுக்கு ஓம் எண்டு வந்தாய் எண்டா, வீட்டுக்குத்தான் வந்தாய் எண்டு சொல்லுவானுகள். போ மச்சான்" என்றான். மச்சான் என்ற சொல் மட்டும் பழைய மாதிரியே வந்தது. அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. திரும்பி வந்தபோது எஞ்சின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது, பெல்ட் அறுந்து கிடந்தது. முதலாளி ஏசினார். ஏசட்டும் என்று நின்றேன்.

அவளுடைய கல்யாணத்துக்கான நெல் எங்கள் மில்லுக்குத்தான் வந்தது. வேறு மில் பக்கத்தில் இல்லை. முதலாளி சொன்னார், நான் எஞ்சினைச் சூடாக்கினேன். அன்றைக்கென்று அது ஒரே சுற்றில் பிடித்தது. புது அரிசி வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டே இருந்தது. நான் கையில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கொட்டு மேளம் கேட்ட நாளில் வேலை இல்லாவிட்டாலும் எஞ்சினை ஓடவிட்டேன்.

அதற்குப்பிறகு நான் பந்தைத் தொடவில்லை. ஊரில் எனக்குப் புதிதாக ஒரு பெயர் கிடைத்தது. 'வீடு வேணாம் எண்டவன்.' கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்லவில்லை. ஆளை அடையாளம் சொல்ல அப்படிச் சொன்னார்கள். சொத்துப்பத்து உள்ள ஒருவர் தன் மகளுக்கு என்னைக் கேட்டுவிட்டு, பிறகு அந்தப் பெயர் காதில் விழுந்ததும் பேசாமல் இருந்துவிட்டார். நானும் தேடிப் போகவில்லை. தேங்காய்ப்பால் பழகிவிட்டது. பேச்சிலும் 'ஓம்' வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஊர்க்காரனாக ஆன பிறகு எனக்கு அந்த ஊரில் ஒன்றும் இல்லை. அவள் வளவுப் பக்கத் தெருவால் நான் போவதேயில்லை. சுற்றிப் போவேன். வீடு எப்படி இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

உலகச் சண்டை வந்தது. திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு முதலாளி மில்லைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். எஞ்சின் இல்லாத எஞ்சின்காரனுக்கு அங்கே என்ன வேலை? நானும் பெட்டியைக் கட்டினேன். பேருந்து இல்லை, பெட்ரோல் இல்லை. நகரத்து ரயிலடிக்கு வாவி வழியேதான் போக வேண்டும். படித்துறையில் ஒரு தோணி வந்து நின்றது. மச்சான். யாரும் சொல்லியனுப்பவில்லை, தானாக வந்திருந்தான். தலையில் முன்பக்கம் கொஞ்சம் நரைத்திருந்தது. "பெட்டியத் தா" என்றான். தந்தேன்.

தோணி கரையோரமாகவே போயிற்று. அப்போதுதான் வாவிப் பக்கத்திலிருந்து அந்த வளவு முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. கல்வீடு, ஓடு போட்டது. ஆனால் வளவின் ஒரு மூலையில், வேலியோடு வேலியாக ஒடுங்கி நின்றது. முன்னால் வெறும் மணல், பெரிய சதுரம், தென்னம்பிள்ளைகூட நடவில்லை. மணலின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு பூவரச மரங்கள் மஞ்சள் பூவோடு நின்றன.

"ஏன் இப்படி ஓரத்தில் கட்டினீங்க? நடுவில் அவ்வளவு இடம் கிடக்கே" என்றேன்.

"அவள்தான்" என்றான் அவன். "நடுவுல கட்டினாப் பந்தடிக்க இடம் இரிக்காது எண்டு ஒரே பிடியா நிண்டாள். மேசன் ஏசினான், அம்மா ஏசினா. கேக்கல்ல. அண்டைக்கு வெட்டினதும் ஓரத்துலதானே."

"கோல் கம்பைப் பிடுங்கிப் போட்டிருந்தீங்களே."

"தள்ளி நடத்தானே புடுங்கின. அங்கால குழியும் வெட்டிக் கிடந்தது. நீ பாக்கல்லயா?"

நான் பார்க்கவில்லை. அத்திவாரக் குழியைப் பார்த்தேன், கத்தினேன், பெரிய மனிதன் போலப் பேசினேன், போய்விட்டேன்.

"நீ போனதுக்குப் பிறகு அவளேதான் இழுத்துக்கொண்டு போய் நட்டாள்" என்றான். துடுப்பை மறுபக்கம் மாற்றிப் பிடித்தான். "அவர் என்னை வேணாம் எண்டு சொல்லல்ல, அவங்கட ஊர்ப் பேச்சு அப்பிடி எண்டு சொன்னாள். நாங்க ஆரும் காது குடுக்கல்ல. நீ வந்து அழுத அண்டைக்கும் அவள் உள்ளுக்குத்தான் நிண்டவள். அம்மாவோட கதைச்சாய். என்னோட கதைச்சாய். அவளிட்ட ஒரு சொல்லுக் கேக்கல்லயே மச்சான். கேட்டிரிந்தா வந்திரிப்பாள்."

முற்றத்தில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தது தெரிந்தது. இவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. "கரைக்கு விடு" என்றேன். அவன் விடவில்லை.

"இப்ப போய் என்னத்தக் கேக்கப் போறாய்?" என்றான். பிறகு துடுப்பை ஊன்றி, தோணியை நகரத்துப் பக்கம் திருப்பினான்.